பட்டியல் வராத ஞாயிற்றுக்கிழமை

"தம்பி, இந்த வாரம் பட்டியல் வரலையே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

2024இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்த செய்தி இது. அனுப்பியவர் திருநெல்வேலிப் பக்கம் இருக்கும், ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர். தமிழ் விக்கிப்பீடியாவில் செடி, கொடி, மரங்களைப் பற்றி எழுதுகிறவர். ஒவ்வொரு ஞாயிறும் காபி குடித்துக்கொண்டே என் பட்டியலைத் திறந்து, அந்த வாரம் எதை எழுதலாம் என்று பார்ப்பார். பட்டியல் வரவில்லை என்றதும் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டியலை எடுக்கும் விக்கிப்பீடியா தரவுத்தளத்தின் அமைப்பு மாறியிருந்தது. அது மாறப்போகிறது என்று பல மாதங்களுக்கு முன்பே அறிவித்திருந்தார்கள். நான்தான் படிக்காமல் விட்டிருக்கிறேன்.

நான் திண்டுக்கல்லில் ஒரு பாலிடெக்னிக்கின் கணினி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதும் பொறுமை எனக்குக் குறைவு, எழுதுகிறவர்களுக்குக் கருவி செய்து கொடுப்பது பிடிக்கும். நான் நடத்தும் கருவி ஒன்றே ஒன்றுதான். தமிழ் விக்கிப்பீடியாவில் எந்தெந்தத் தலைப்புக்குப் பல கட்டுரைகளிலிருந்து இணைப்பு கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அந்தத் தலைப்பில் கட்டுரையே இல்லை என்று தேடி வரிசைப்படுத்தும். இல்லாத பக்கத்துக்கான இணைப்பு சிவப்பில் தெரியும் என்பதால் அதற்குச் சிவப்பு இணைப்பு என்று பெயர். இருபது கட்டுரைகளில் ஒரே சொல் சிவப்பாக நிற்கிறது என்றால், இருபது இடங்களில் வாசிக்கிறவர்கள் அதைத் தேடி வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அதை எழுதினால் இருபது கதவுகள் ஒரே நேரத்தில் திறக்கும். அதற்காகத்தான் இந்தப் பட்டியல்.

கருவி ஓடும் இடம் டூல்ஃபோர்ஜ். தன்னார்வலர்கள் கருவிகளை ஓட்டுவதற்கு, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா தரும் இலவச இடம் அது. விக்கிப்பீடியாவின் உண்மையான தரவுத்தளத்தில் நாம் கைவைக்க முடியாது. அதன் நகல் ஒன்றை, தனிப்பட்ட விவரங்களை நீக்கிவிட்டு, படிக்க மட்டும் தருகிறார்கள். அதில்தான் என் குவெரி, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி, ஓடும்.

சரி, அன்று காலை பதிவுக் கோப்பைத் திறந்தேன். மரியாடிபி என்ற தரவுத்தள மென்பொருள் 1054 என்ற பிழை எண்ணைக் கொடுத்திருந்தது. நீ கேட்கும் நெடுவரிசை இங்கே இல்லை என்று பொருள். இல்லை என்று சொன்ன நெடுவரிசை, 'பிஎல்_டைட்டில்'. ஆறு வருடமாக என் குவெரியின் முதுகெலும்பே அதுதான்.

பழைய அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கி மென்பொருளில் பக்க இணைப்புகளுக்கு 'பேஜ்லிங்க்ஸ்' என்று ஓர் அட்டவணை உண்டு. ஓர் இணைப்புக்கு ஒரு வரி. எந்தப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது என்பதற்கு அந்தப் பக்கத்தின் எண். எங்கே போகிறது என்பதற்குப் பெயர்வெளியும் தலைப்பும். பெயர்வெளி என்றால் பக்கத்தின் வகை: கட்டுரைக்கு 0, வார்ப்புருவுக்கு (பல பக்கங்களில் அப்படியே பொருத்தும் துண்டு) 10, பகுப்புக்கு 14 என்பதுபோல ஓர் எண். தலைப்பை மட்டும் எழுத்து எழுத்தாக முழுதாக எழுதி வைப்பார்கள். போகும் இடம் இன்னும் பிறக்காத பக்கமாக இருக்கலாம், அதற்கு எண் இருக்காது, அதனால் பெயரால்தான் குறிக்க முடியும். சிவப்பு இணைப்பை அந்த அட்டவணையில் கண்டுபிடிக்க முடிந்ததே இதனால்தான்.

இதில் ஒரு விலை இருந்தது, தமிழில் அது இன்னும் கூடுதல். 'தமிழ்நாடு' என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று, எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் எண்ணினால் ஒன்பது குறிகள். அதைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ஆக 27 பைட். இதே பெயர் ஆங்கில விக்கிப்பீடியாவில் 10 பைட்டில் முடிந்துவிடும். (தலைப்பின் நீளத்துக்கு 255 பைட் என்று ஒரு வரம்பு உண்டு. அதனால் தமிழில் 85 குறிகளுக்கு மேல் தலைப்பு வைக்க முடியாது. நீளமான அரசாணைப் பெயர்களை எழுத வந்தவர்கள் இதில் முட்டிக்கொண்டிருக்கிறார்கள்.) தமிழ்நாட்டுக்கு இணைப்பு கொடுக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் இந்த 27 பைட்டை மறுபடியும் எழுத வேண்டும். அதுவும் ஒரு தடவை இல்லை. அந்த அட்டவணையில் ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியில் தலைப்பு உண்டு, வரிகளை வேகமாகத் தேட வைத்திருக்கும் மற்ற இரண்டு இன்டெக்ஸ்களிலும் தலைப்பு உண்டு. ஓர் இணைப்புக்கு மூன்று இடத்தில், மொத்தம் 81 பைட். ஆங்கில விக்கிப்பீடியா, படங்களைச் சேமிக்கும் காமன்ஸ் போன்ற பெரிய தளங்களில் இந்த இணைப்பு அட்டவணைகள் எவ்வளவு வீங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் 'லிங்க்டார்கெட்' என்று ஒரு புது அட்டவணை கொண்டுவந்தார்கள். ஒரு தலைப்புக்கு அதில் ஒரே ஒரு வரி: ஓர் எண், பெயர்வெளி, தலைப்பு. பேஜ்லிங்க்ஸில் இனி தலைப்பு இருக்காது, அந்த எண் மட்டும் இருக்கும். எட்டு பைட். ரேஷன் கடையில் ஒவ்வொரு பில்லிலும் வீட்டு முகவரி முழுவதையும் எழுதுவதில்லை, குடும்ப அட்டை எண்ணைப் போட்டால் போதும் அல்லவா, அதே வேலைதான். எழுதப்படாத கட்டுரைக்கும் இங்கே ஓர் எண் கிடைக்கிறது. பக்கத்துக்கான எண் இல்லை, பெயருக்கான எண். இந்த வேறுபாடு எனக்கு உறைக்க இரண்டு வாரம் ஆனது.

வார்ப்புருக்களுக்கான அட்டவணையில் 2022இலேயே இந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள். என் கருவி அதைத் தொடவில்லை என்பதால் நான் கவனிக்கவே இல்லை. அடுத்தது பேஜ்லிங்க்ஸ்தான் என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும். மீடியாவிக்கி இப்படிப்பட்ட மாற்றங்களை ஒரே இரவில் செய்வதில்லை. முதலில் புது நெடுவரிசையைச் சேர்ப்பார்கள். பழையது, புதியது இரண்டிலும் எழுதுவார்கள், ஆனால் பழையதிலிருந்து படிப்பார்கள். பழைய வரிகளுக்கும் புது எண்ணை நிரப்பி முடித்த பிறகு புதியதிலிருந்து படிக்கத் தொடங்குவார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் பழையதை எடுப்பார்கள். அந்த இடைக்காலத்தில் விழித்துக்கொண்டிருந்தால் இரண்டு நெடுவரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என் புதுக் குவெரி சரியா என்று வரிக்கு வரி சோதித்திருக்கலாம். அந்த வாய்ப்பை இழந்ததைத்தான் இப்போதும் வருத்தத்தோடு நினைக்கிறேன்.

ஐயாவுக்கு "நல்லா இருக்கேன் ஐயா, கருவியில சின்ன வேலை, மதியத்துக்குள்ள வந்துடும்" என்று பதில் போட்டேன். மதியத்துக்குள் வரவில்லை.

முதல் முயற்சியில், பழைய குவெரியில் தலைப்பு இருந்த இடத்திலெல்லாம் லிங்க்டார்கெட்டை ஜாயின் செய்து, அதாவது எண் பொருந்தும் வரிகளை இணைத்து, அதன் தலைப்பைப் போட்டேன். பேஜ்லிங்க்ஸ், அதோடு லிங்க்டார்கெட், அதோடு பக்க அட்டவணையை லெஃப்ட் ஜாயின், பக்கம் இல்லாதவற்றை மட்டும் வடிகட்டி, தலைப்புவாரியாகக் குரூப் பை. பார்க்கப் பழையது போலவே இருந்தது. முன்பு நாலைந்து நிமிடத்தில் முடியும் வேலை, நாற்பது நிமிடம் ஆகியும் முடியவில்லை. நானே நிறுத்தினேன். பொது நகலில் நம் ஒருவருடைய குவெரி அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

சாப்பிட்டுவிட்டு வந்து யோசித்தபோதுதான் எங்கே தப்பு என்று புரிந்தது. எண்ணைக் கையில் கொடுத்த பிறகும் நான் ஒவ்வோர் இணைப்பையும் முதலில் தலைப்பாக விரித்துவிட்டு, பிறகு அந்த நீள எழுத்துகளை வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் பேஜ்லிங்க்ஸில் மட்டும், எண்வாரியாக எத்தனை இணைப்பு என்று எண்ண வேண்டும். ஐந்துக்குக் குறைந்ததையெல்லாம் அங்கேயே கழித்துவிட வேண்டும். மிஞ்சுகிற சிறு கூட்டத்தை மட்டும் லிங்க்டார்கெட்டுக்குக் கொண்டுபோய்ப் பெயர் கேட்க வேண்டும். புது அட்டவணையில், கிளம்பும் பெயர்வெளி, அடுத்து போகும் எண், அடுத்து கிளம்பும் பக்கம் என்ற வரிசையில் ஓர் இன்டெக்ஸே வைத்திருக்கிறார்கள். கட்டுரைகளிலிருந்து கிளம்பும் இணைப்புகளை எண்வாரியாக எண்ணுவதற்கு அதைவிடத் தோதாக ஒன்று இருக்க முடியாது. வரிசையாக நடந்துகொண்டே எண்ணினால் போதும், எதையும் அடுக்க வேண்டியதில்லை. ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது. பழைய வேகத்தை விட அதிகம். அந்த இன்டெக்ஸை வடிவமைத்தவர்களுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் வந்தது. முதல் பத்தைப் பார்த்ததும் திகைத்துப்போனேன். பயனர் பக்கங்களாக வந்து குவிந்திருந்தன. பேச்சுப் பக்கங்களில் இடும் கையெழுத்தில் தங்கள் பயனர் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்து, அந்தப் பக்கத்தை உருவாக்காமலே விட்டவர்கள் நிறைய பேர். அத்தனை பேரும் பட்டியலில் ஏறிவிட்டார்கள். பழைய குவெரியில் போகும் இடம் கட்டுரைதானா என்று பார்க்கும் நிபந்தனை ஒன்று இருந்தது. அதுவும் பேஜ்லிங்க்ஸின் பழைய நெடுவரிசை ஒன்றின் மேல்தான் இருந்தது. அந்த நெடுவரிசை போனபோது, பிழை காட்டிய வரி என்று அதை அழித்திருக்கிறேன். லிங்க்டார்கெட்டின் பெயர்வெளி மேல் அதை மறுபடி வைக்க மறந்துவிட்டேன். போதாக்குறைக்கு, கிளம்பும் இடத்துக்கான நிபந்தனையையும் சோதனைக்காக எடுத்துவிட்டுத் திரும்ப வைக்காமல் இருந்தேன். இரண்டையும் சேர்த்தேன். பட்டியல் சரியாக வந்தது. சரியாக வந்தது என்று நம்பி வெளியிட்டேன்.

இதுவரை நடந்ததெல்லாம் எனக்குப் பெரிய விஷயமில்லை. குவெரி பிழை காட்டினால் தெரியும். தாறுமாறாக வந்தால் கண்ணுக்கே தெரியும். அடுத்து நடந்ததுதான் இந்தப் பதிவையே எழுத வைத்தது.

கருவியில் ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் 'எடுத்துக்கொண்டேன்' என்று ஒரு பொத்தான் உண்டு. ஒரே தலைப்பை இருவர் எழுதி உழைப்பு வீணாகக் கூடாது என்பதற்காக வைத்தது. யாராவது அதை அழுத்தினால் அந்தத் தலைப்பு சாம்பல் நிறமாகி, கீழே போய்விடும். எடுத்துக்கொண்டவர்களின் விவரம் என்னுடைய தனித் தரவுத்தளத்தில், தலைப்பை வைத்துச் சேமிக்கப்பட்டிருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாணவி எழுதினார். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கிறவர், கரையோரச் சூழல் பற்றி எழுதுவார். "அண்ணா, நான் எடுத்து வச்சிருந்த தலைப்பெல்லோ அது, இண்டைக்குப் பார்த்தா ஆரோ எழுதிப்போட்டினம்." ஓர் அலையாத்தி மரத்தைப் பற்றிய கட்டுரை. மூன்று வாரமாகக் குறிப்பு சேர்த்து, கரையில் போய்ப் படமெல்லாம் எடுத்து வைத்திருந்திருக்கிறார். குறை சொல்லவில்லை. கேட்ட விதத்தில்தான் எனக்கு மனசு கனத்தது.

எழுதியவர் யார் என்று கட்டுரையின் திருத்த வரலாற்றில் பார்த்தேன். நம் தாவரவியல் ஐயா. பட்டியலில் அந்தத் தலைப்பு கறுப்பாக, யாரும் எடுக்காதது போல மேலே நின்றிருக்கிறது, அதனால் எழுதிவிட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

இரவு உட்கார்ந்து தேடினேன். விக்கிப்பீடியாவின் தரவுத்தளத்தில் தலைப்புகள் எழுத்தாக இல்லை, வெறும் பைட்டுகளாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன. என் கருவியை எழுதியிருக்கும் பைத்தான் மொழியில் படித்தால் பைட்டுகளாகவே கைக்கு வரும். பழைய குவெரியில் அதை எழுத்தாக மாற்றும் ஒரு சின்ன கட்டளையைத் தலைப்பு நெடுவரிசையைச் சுற்றி நானே போட்டிருந்தேன். ஆறு வருடத்துக்கு முன் போட்டது, போட்டதே நினைவில்லை. புதுக் குவெரியில் அது இல்லை. பக்கத்தில் அச்சிடும் இடத்தில் எதற்கும் இருக்கட்டும் என்று தனியாக ஒரு மாற்றம் வைத்திருந்ததால், பார்க்கிறவர்களுக்குத் தலைப்பு ஒழுங்காகத் தெரிந்தது. ஆனால் இந்தத் தலைப்பு எடுத்துக்கொண்டவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று ஒப்பிடும் இடத்தில், ஒரு பக்கம் பைட், ஒரு பக்கம் எழுத்து. பைத்தான் 3இல் இரண்டும் எந்நாளும் சமமாகாது. பிழையும் காட்டாது. இல்லை என்று மட்டும் சொல்லும். இரண்டு வாரமாக, எடுத்துவைத்த அத்தனை தலைப்புகளையும் பார்த்து அது இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

கருவி நின்றுபோன அன்று ஐயா உடனே கேட்டார். கருவி தப்பாக ஓடிய இரண்டு வாரமும் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அது ஓடிக்கொண்டிருந்தது. நெடுவரிசைப் பெயரை மாற்றுவது அரை மணி நேர வேலை. அந்த நெடுவரிசையைச் சுற்றி என்னென்ன நம்பிக்கைகளை வைத்திருந்தேன் என்று தேடிப் பிடிப்பதுதான் மீதி வேலை முழுக்க.

ஐயாவிடம் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அந்தப் பிள்ளை கரையில நின்னு பார்த்து எழுதியிருக்கு, நான் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கேன். அதோட குறிப்பும் படமும் சேர்ந்தாத்தான் கட்டுரை முழுசாகும். நம்பர் குடுங்க, நானே பேசுறேன்" என்றார். மாணவியிடம் கேட்டுவிட்டுக் கொடுத்தேன். இப்போது அந்தக் கட்டுரையின் வரலாற்றில் இருவர் பெயரும் மாறி மாறி வருகின்றன. மூச்சு வேர்கள் பற்றிய பகுதி முழுக்க மாணவியுடையது. அது அருமையாக இருக்கிறது.

அதன் பிறகு அவசரப்படாமல் ஒரு காரியம் செய்தேன். என்னிடம் ஆறு வருடத்துப் பட்டியல்கள் வாரவாரியாகக் கோப்புகளாகக் கிடந்தன. அழிக்க மனம் வராமல் வைத்திருந்தவை. பழைய குவெரி கடைசியாகக் கொடுத்த பட்டியலில் முதல் ஐந்நூறையும் புதியது கொடுத்த முதல் ஐந்நூறையும் எதிரெதிரே வைத்தேன். இடையில் யாரோ எழுதிவிட்டதால் மறைந்தவை, புது இணைப்பால் ஏறியவை என்று ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லிக் கழித்துக்கொண்டே வந்தேன். மூன்று இரவு பிடித்தது. கடைசியில் சில தலைப்புகளுக்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவை 'ஸ்ரீ' என்று தொடங்கின.

இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தமிழில் ஸ்ரீ என்ற கூட்டெழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். 'ஸ'வில் தொடங்கிப் புள்ளி, ர, ஈகாரம் என்று அடிப்பது ஒன்று. 2005இல் யூனிகோடில் சேர்த்த 'ஶ' என்ற எழுத்தில் தொடங்கி அதையே அடிப்பது இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே ஸ்ரீயாகத்தான் தெரியும். உள்ளே முதல் எழுத்தின் மூன்று பைட்டில் கடைசி ஒன்று மட்டும் வேறு. 'கொ' என்பதை ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்து அடித்தாலும், மீடியாவிக்கி அதை ஒரே குறியாகச் சேர்த்துவிடும். அந்த இரண்டும் ஒன்றே என்று யூனிகோடே வரையறுத்திருக்கிறது. ஸ்ரீக்கு அப்படி வரையறுக்கவில்லை. அதனால் மென்பொருள் இரண்டையும் வெவ்வேறு சொல்லாகவே வைத்துக்கொள்கிறது. இதன் விளைவு, கட்டுரை இருக்கும், ஆனால் இணைப்பு சிவப்பாக நிற்கும். இணைப்பு கொடுத்தவர் எத்தனை முறை பார்த்தாலும் எழுத்துப் பிழையே தெரியாது.

இந்தச் சிக்கல் பழைய அமைப்பிலும் இருந்ததுதான். பழைய குவெரியில் நான் போட்டிருந்த எழுத்துமாற்றத்தோடு, எப்போதோ ஶ வரிசையை ஸ வரிசையாக மாற்றும் ஒரு வரியையும் சேர்த்திருக்கிறேன். அதன் புண்ணியத்தில் இரண்டும் கலந்து ஒரே தலைப்பாகப் பட்டியலில் தெரிந்திருக்கிறது. சிக்கலைத் தீர்க்காமல் மூடி வைத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். புதுக் குவெரியில் அந்த மூடி கழன்றுவிட்டது.

புது அமைப்பில் இதைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு சுலபம் என்று பார்த்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். முன்பென்றால் ஒரே தலைப்பு ஆயிரம் வரிகளில் சிதறிக் கிடக்கும். இப்போது ஒரு பெயருக்கு ஒரு வரிதான். பெயர்வெளி 0, தலைப்பு 'ஶ்ரீ'யில் தொடங்குவது என்று லிங்க்டார்கெட்டிடம் கேட்டால் நொடியில் கொடுத்துவிடும். லிங்க்டார்கெட்டில் இருப்பதாலேயே ஒரு தலைப்புக்கு இப்போது பக்க இணைப்பு இருக்கிறது என்று சொல்ல முடியாது, எண்ணை எடுத்துக்கொண்டு பேஜ்லிங்க்ஸில் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். அவ்வளவுதான். இரட்டையர்களை மட்டும் தனிப்பட்டியலாக எடுத்து, இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒவ்வொன்றுக்கும், இருக்கும் கட்டுரைக்குத் தானாகக் கொண்டுபோகும் வழிமாற்று உருவாக்கினோம். தலைப்பின் நடுவில் ஸ்ரீ வருபவையும் இருந்தன. அவற்றுக்கு இன்டெக்ஸ் உதவாது, முழு அட்டவணையையும் ஒரு தடவை நடக்க வேண்டும். அதையும் ஓர் இரவில் முடித்தோம்.

இன்னொரு பழைய குறையும் இதே வேகத்தில் சரியானது. ஒரு மாவட்டத்தின் ஊர்களையெல்லாம் அடுக்கிய வழிகாட்டிப் பெட்டி ஒன்றை நூறு கட்டுரையின் அடியில் வைத்தால், அதில் சிவப்பாக இருக்கும் ஒவ்வோர் ஊருக்கும் நூறு இணைப்பு என்று கணக்கில் வரும். உண்மையில் வாக்கியத்துக்குள் யாரும் அந்த ஊரைச் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போது அதே எண்ணுக்கு வார்ப்புருப் பெயர்வெளியிலிருந்தும் இணைப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பக்கத்தில் ஒரு சின்ன குறி போடுகிறேன். எண்ணோடு எண்ணை ஒப்பிடுவதுதான் என்பதால் நேரமே எடுக்கவில்லை. ஐயா இந்தக் குறியைப் பார்த்துவிட்டு, "இதை அஞ்சு வருஷம் முன்னாடியே போட்டிருக்கலாமே தம்பி" என்றார். போட்டிருக்கலாம்தான்.

இப்படி அமைப்பு மாறியது எனக்கு முதல் தடவை இல்லை. 2021 வரை எல்லா மொழி விக்கிப்பீடியாக்களின் நகலும் ஒரே இணைப்பில் கிடைக்கும். தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே குவெரியில் ஜாயின் செய்து, ஆங்கிலத்தில் இருந்து தமிழில் இல்லாதவற்றை எடுப்பேன். பிறகு நகல்களைத் தனித்தனி சர்வர்களாகப் பிரித்துவிட்டார்கள். இரண்டு இடத்தில் தனித்தனியாகக் கேட்டு, பைத்தானில் கொண்டுவந்து நானே சேர்க்க வேண்டியதாயிற்று. அப்போதும் கொஞ்சம் திட்டிக்கொண்டேதான் செய்தேன். ஆனால் அவ்வளவு தரவும் ஒரே பெட்டியில் எத்தனை நாளைக்கு அடங்கும்? இலவசமாக, கேள்வி கேட்காமல், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். அதை ஓடவைக்க அவர்கள் படும் பாட்டில் ஒரு பங்கை நாமும் ஏற்றுக்கொள்வதுதான் முறை என்று இப்போது நினைக்கிறேன்.

2025இல் பகுப்புகளுக்கான அட்டவணைக்கும் இதே லிங்க்டார்கெட் மாற்றம் வந்தது. இந்த முறை அறிவிப்பை அன்றே படித்தேன். இரண்டு நெடுவரிசையும் ஒன்றாக இருந்த நாட்களிலேயே பழைய குவெரியையும் புதியதையும் சேர்த்து ஓட்டி, விடைகளை ஒப்பிடும் ஒரு சின்ன நிரலை எழுதி வைத்தேன். தொடக்கத்தில் இரண்டும் பொருந்தவில்லை. புது எண் இன்னும் நிரம்பாத பழைய வரிகள் இருந்ததுதான் காரணம். சாதாரண ஜாயின் போட்டால் அந்த வரிகள் சத்தமில்லாமல் விழுந்துவிடும். நிரப்பி முடிக்கும் வரை பழையதிலேயே இருந்தேன். ஒரு புதன்கிழமை இரவு இரண்டு விடையும் கடைசி வரி வரைக்கும் பொருந்தின. அன்றே மாற்றினேன். எடுத்துக்கொண்டவர்கள் பட்டியலையும் கையால் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

அந்த ஞாயிறு வழக்கம்போலக் காலை ஆறரைக்குப் பட்டியல் போனது. ஏழு மணிக்கு ஐயாவிடமிருந்து செய்தி. நெஞ்சு ஒரு நொடி நின்றது. திறந்தால், மஞ்சளாகப் பூத்த ஒரு செடியின் படமும், "பட்டியல்ல பதினோராவது இருக்கே, நம்ம வாய்க்கால் ஓரத்துலயே நிக்குது, இன்னைக்கு எழுதிடறேன்" என்ற வரியும் இருந்தன. பட்டியலைப் புதுப்பித்துப் பார்த்தேன். பதினோராவது தலைப்பு சாம்பல் நிறமாகிக் கீழே போயிருந்தது.